பன்னிரண்டாவது வீடு, ஆரியசாலை

நெடுமங்காடு தாண்டிய ஐந்தாவது நிமிடம் அந்த வாடை பஸ்ஸுக்குள் ஏறியது. யாரையும் இடிக்காமல், டிக்கெட்டும் எடுக்காமல், நேராக வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. புளித்துக் காயும் ரப்பர் ஷீட்டின் வாடை. பழக்கமில்லாதவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நானும் என் கணவர் ராமசாமியும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் முகத்தை நீட்டினோம். சாலையோர வீடு ஒன்றின் கொடியில் ஷீட்டுகள் துவைத்துப் போட்ட துண்டுகள் போல வரிசையாகத் தொங்கின. ஒரு கணம் எனக்கு எட்டு வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்து எஸ்டேட்டில் அம்மா தோளில் ரப்பர் பால் சுமந்து வந்த காண்டா வாளியை இறக்கி வைக்கிறாள், அவள் விரல்களில் ஒட்டிக் காய்ந்த ரப்பரை நான் நூல் நூலாக உரிக்கிறேன்.

"வாசுகி, அதே வாடை" என்றார் அவர்.

"அதேதான்."

"என்னமா நாறுது லா" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை நெஞ்சு நிறைய இழுத்தார்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து வித்துரா நாற்பது கிலோமீட்டர்; ஒரு ஆளுக்கு ஐம்பத்தாறு ரூபாய். முந்தைய நாள் பிற்பகல்தான் திருச்சியிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. குடியேற ஓர் ஊர் தேடி வந்திருக்கிறோம்.

மலேசியாவில், தைப்பிங்கில், இருந்த வீட்டை விற்றாயிற்று. ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் குடும்பமாகிவிட்டாள். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவள், ஐம்பத்து நான்கில் விருப்ப ஓய்வு. அவர் அரசாங்கப் பட்டறையில் லாரி மெக்கானிக், அறுபதில் ஓய்வு. இரண்டு ஓய்வூதியமும் சேர்ந்து அங்கே மாதத்தின் இருபதாம் தேதிக்கே மூச்சு வாங்கிவிடும். இங்கே கடைசித் தேதி வரை நடந்து போகும் என்று கணக்குச் சொன்னது. இந்திய வம்சாவளி அட்டை கையில் இருந்தது. கோவை, தஞ்சாவூர் என்று எழுதி வைத்த பெயர்களையெல்லாம் நானே அடித்துவிட்டேன். காரணம் மழை. தைப்பிங்கில் பிறந்தவளுக்கு மழை பெய்யாத ஊரில் ஒரு வாக்கியம்கூட ஓடாது. திருவனந்தபுரம் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் வரும் ஊர், மருத்துவமனை அருகில், கடல் அருகில், காய்கறிக்காரரிடம் தமிழில் பேரம் பேசலாம் என்றார்கள். ஐப்பசி பிறக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பி வந்துவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருபத்தெட்டு வருட இல்லறத்தில் நாங்கள் பதினொரு வீடு மாறியிருக்கிறோம். பதினொன்றும் நான் பிடித்தவை. ஒரு வீட்டின் சுவர் என்னோடு பேசுவதை நிறுத்தினால் நான் அடுத்த வீட்டுக்கு விளம்பரம் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது இரண்டே சொல்: "உன் இஷ்டம்மா." பிறகு பெட்டிகளைக் கட்டுவார், அலமாரியைக் கழற்றுவார், மாட்டுவார். அந்த வீடு அவருக்குப் பிடித்ததா என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அதுதான் வெட்கம். இம்முறை கடல் தாண்டுகிறோம். விமானத்தில், அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் தீர்மானித்தேன்: "உன் இஷ்டம்" என்று அவர் சொல்லும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். எனக்கு இது வேணும் என்று அவர் சொல்லும் வீடுதான். அப்படி ஒன்று அகப்படாவிட்டால் திரும்பிப் போய் தைப்பிங்கிலேயே ஒரு வாடகை அறையில் சுருங்கிக்கொள்வது. கையில் இருப்பது ஐந்து நாள்.

வித்துரா சந்தையில் தரகர் சுரேந்திரன் ஒரு ஜீப்போடு காத்திருந்தார். நாகர்கோவிலில் பத்து வருடம் ஜவுளிக்கடையில் நின்றவர். அவர் தமிழ் பாதி வழியில் மலையாளத்துக்கு இறங்கி, டீ குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும்.

"சாரே, சேச்சி, வாங்க. ஒரு வீடு காட்டித் தாரேன், பார்த்தா பின்னே நீங்க திரிச்சுப் போக மாட்டீங்க."

சந்தையிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஓட்டு வீடு. மூன்று அறை, முப்பது சென்ட் நிலம், அதில் இருபத்திரண்டு ரப்பர் மரம், பலா ஒன்று, அதைச் சுற்றிய மிளகுக்கொடி. விலை முப்பத்து நாலு லட்சம். எதிரே பொன்முடி மலை மேகத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றது.

வீடு பார்க்க என்னிடம் ஒரே முறைதான் உண்டு. அந்த வீட்டு அடுப்பில் ஒரு டீ போட்டுக் குடிப்பேன். டீ கொதிப்பதற்குள் அந்த வீடு தன் சுபாவத்தைக் காட்டிவிடும்: காற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்து வீட்டில் எவ்வளவு சத்தமாகச் சண்டை போடுகிறார்கள், எல்லாம். பையில் எப்போதும் தேயிலைத் தூளும் ஒரு சிறிய பாத்திரமும் இருக்கும். அங்கே பால் கிடைக்கவில்லை. விறகடுப்பில் கட்டன் சாயா போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். மரங்களுக்கு நடுவில் நின்று ஒரு மரத்தின் வெட்டுக் காயத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப ஆழமா வெட்டியிருக்கான். கை பழகாத ஆளு."

"நீங்க வெட்டுவீங்களா இப்பவும்?"

"பதினாலு வயசு வரைக்கும் அம்மாகூட வெட்டினேனே. கை மறக்குமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வீட்டில் பார்க்காத முகம். டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை. "வாசுகி, எனக்கு…" என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து சுரேந்திரனின் போன் அடித்தது. பத்திரம் எழுதுபவர். அவர் பேசியது எங்களுக்கே கேட்டது. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்டார். மலேசியா என்றார் சுரேந்திரன். அப்படியானால் வீடு வாங்கலாம், அடுக்குமாடி வாங்கலாம். தோட்டமும் விவசாய நிலமும் வாங்க முடியாது. இருபத்திரண்டு ரப்பர் மரம் நின்றால் அது தோட்டம்.

சுரேந்திரன் தலையைச் சொறிந்தார். "ஞான் அதைச் சோதிக்காம விட்டது தப்பு. க்ஷமிக்கணும் சாரே."

"நாங்க தோட்டத்துலேருந்துதானே வந்தோம்?" என்றார் என் கணவர், ஏதோ அதிகாரியிடம் முறையிடுவது போல.

"அது கவர்மென்ட்டுக்கு அறியாதே சாரே."

மூவரும் சிரித்துவிட்டோம். வேறென்ன செய்ய? ஆனால் திரும்பும் பஸ்ஸில் அவர் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அவருடைய மௌனங்களை ரகம் பிரிக்கத் தெரியும். இது பசி மௌனமில்லை, தூக்க மௌனமுமில்லை.

புதன்கிழமை. வாங்கும் எண்ணத்தை விட்டு வாடகைக்குத் தேடினோம், காலையிலிருந்து மூன்று வீடுகள். கரமனையில் ஆறு தெரியும் மாடிப் பகுதி, வாடகை பதினாறாயிரம். பூஜப்புரையில் தோட்டக்காரர் வைத்துப் பராமரிக்கும் பங்களாவின் பின்கட்டு, பதினான்காயிரம். பேட்டையில் ரயில் சத்தம் வாடகையில் சேர்ந்தது, ஒன்பதாயிரம். மூன்றிலும் "உன் இஷ்டம்மா." மூன்றையும் வேண்டாம் என்றேன். சுரேந்திரன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் பேச்சில் கொழப்பமில்ல என்றால் ஆட்சேபணையில்லை என்று அர்த்தம்.

"சேச்சி, சாருக்குக் கொழப்பமில்லன்னாரே?"

"அதுதான் கொழப்பம்."

மதியம் மழை வந்தது. ஆஹா, அந்த மழை! முன்னறிவிப்பாக ஒரு இடி, அதற்குப் பின் நகரமே ஒரே பாத்திரமாகி, மேலிருந்து யாரோ அரிசி கொட்டுவது போல. ஸ்கூட்டரில் போனவர்கள் அவசரமில்லாமல் நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, மழைக்கோட்டை எடுத்து, ஒரு சடங்கின் நிதானத்தோடு போட்டுக்கொண்டார்கள். மழைக்குக் கோபித்துக்கொள்ளாத ஜனங்கள். எனக்கு ஊர் பிடித்துவிட்டது. தெருவோரத் தட்டுக்கடையில் நனைந்த தோளோடு நின்று ஆறு தோசை, இரண்டு ஆம்லெட், இரண்டு சாயா: நூற்று எண்பது ரூபாய். ஏறத்தாழ ஒன்பது மலேசிய வெள்ளி. ஊர் பிடித்த சந்தோஷம் தோசையிலும் ஏறியிருந்தது. அவர் மட்டும் சட்னியைத் தொட்டுத் தொட்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

வியாழன், காலை பத்தரை. கிழக்கேகோட்டையிலிருந்து ஆரியசாலைக்கு ஆட்டோ முப்பது ரூபாய். ஆட்டோக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். "மலேசியாவா? எல்லாரும் இங்கேருந்து அங்க போவாங்க, நீங்க என்ன அண்ணாச்சி தலைகீழா வாரீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஒரு சரக்கு வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைத்தார்.

ஆரியசாலை குறுகலான மொத்தவியாபாரத் தெரு. முதலில் மிளகாய் வற்றல் மூட்டைகள் உங்களைத் தும்ம வைக்கும். பிறகு வெல்லம் சமாதானம் செய்யும். அப்புறம் புதுச் சணல் சாக்கின் வாசம் தோளில் கைபோடும். கடைப் பலகைகள் மலையாளத்தில், உள்ளே தொங்கும் நாள்காட்டிகள் தமிழில். சுமை தூக்குகிறவர்கள் வழிவிடச் சொல்லும் குரலில் இரண்டு மொழியும் ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டிருந்தன.

கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை ஒன்றின் பின்னால் அந்த வீடு. கடைக்கு உரிமையாளர் செண்பகம். நாற்பத்தைந்து வயதிருக்கும், திருநெல்வேலியிலிருந்து நாலு தலைமுறைக்கு முன் வந்த வியாபாரக் குடும்பத்து மருமகள். மூக்குத்தி, காதில் பேனா, ஒரே நேரத்தில் மூன்று பேரோடு பேசினார். எனக்கும் பதில் சொல்லி, கணக்கருக்கும் சொல்லி, போனில் யாரையோ மலையாளத்தில் திட்டியும் முடித்தார்.

"வாங்க, வாங்க. மலேசியாக்காரங்கன்னு சுரேந்திரன் சொல்லிச்சு. பாருங்க, ரெண்டு ரூம், அடுக்களை, மேல மொட்டை மாடி. வாடகை பதினொண்ணாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் அம்பதாயிரம், பதினொரு மாச எக்ரிமென்ட். ஆனா ஒண்ணு சொல்லிருதேன், கேட்டியளா. கம்ப்யூட்டர் கம்பெனில சோலி பார்க்கிற ஒரு சோடி நேத்தே பார்த்துட்டுப் போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன் பணம் கொண்டாறேன்னிருக்கு. அதுக்கு முன்ன நீங்க சொன்னா உங்களுக்கு. இல்லன்னா அவங்களுக்கு. அது நியாயம்தானே?"

நியாயம்தான். வீடும் நியாயமான வீடு. உயரமான கூரை, சிவப்புச் சிமென்ட் தரை, அடுக்களை ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை. மூன்று நிமிடத்தில் எனக்கு மூன்று வாக்கியம் தோன்றிவிட்டது. ஆபத்தான அறிகுறி. திரும்பிப் பார்த்தால் மறுபடி ஆளைக் காணோம்.

இருபது நிமிடம் கழித்து வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கத் தூசி, நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு.

"எங்க போனீங்க?"

"சும்மா. கீழ."

"வீடு எப்படி?"

தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு சொல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செண்பகத்திடம் நாலு மணிக்குள் வந்து முடிவு சொல்கிறோம் என்றேன். மனதுக்குள் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது: இதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் பாக்கி, பிறகு தைப்பிங்.

இருந்தும் மூன்றே முக்காலுக்குத் திரும்ப வந்தபோது என் பழக்கம் என்னை விடவில்லை. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஒற்றை அடுப்பு இருந்தது, சிலிண்டரில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. ஒரு டீ குடித்து, மரியாதையாக விடைபெற்றுவிடலாம். எங்கள் ஊரில் டீ என்றால் கெட்டிப்பால். டின்னைத் திறந்து ஊற்றினால் முடிந்தது. இங்கே எதிர்க்கடையில் அரை லிட்டர் பால் பாக்கெட்தான் கிடைத்தது. பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அந்த நேரம் இடி இடித்தது.

"பாலைப் பார்த்துக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். வேண்டாம் என்று முடிவு செய்த வீட்டில் மழை எப்படிப் பெய்தால் எனக்கென்ன? ஆனாலும் ஓடினேன். ஆரியசாலையின் ஓடுகளும் தகரங்களும் தார்ப்பாய்களும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் வாங்கின. கீழே தெருவில் மூட்டைகளை மூட ஆட்கள் ஓடினார்கள். யாரோ யாரையோ கிண்டல் செய்து கத்த, தெருவே சிரித்தது. நான் முழுக்க நனைந்தேன்.

கருகல் வாடை வந்தபோதுதான் நினைவு வந்தது. தடதடவென்று இறங்கினேன். அடுக்களையில் பால் பொங்கி, பாத்திரத்தை விட்டு வழிந்து, அடுப்பை நனைத்து, மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்வாசலில் குடையை மடக்கிக்கொண்டு செண்பகம். அவருக்குப் பின்னால் சுரேந்திரன்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க, தெரியாம நடந்துபோச்சு, இப்பவே துடைச்சிடறேன்" என்று என் முந்தானையையே எடுத்தேன்.

"தொடைக்காதிய!" என்று செண்பகம் போட்ட சத்தத்தில் முந்தானை கையிலிருந்து நழுவியது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். "சுரேந்திரா, கெழக்கு எது?"

"அந்த முருங்கை நிக்குதே, அதாக்கும் கிழக்கு."

"கெழக்காமதான் வழிஞ்சிருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பில் கைவைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். "போச்சு! பால் காய்ச்சியாச்சு. இனி இந்த வீட்டைப் பின்ன வேற ஆளுக்கு எப்படிக் குடுக்க? எங்க மாமனார் காலத்துலேருந்து வழக்கம் அதாக்கும். யார் கையால பால் பொங்குச்சோ அவங்கதான் இருக்கணும்."

"அந்த கம்ப்யூட்டர்காரங்க?" என்றேன், திகைத்து.

"அவங்களுக்கு மேலத்தெருவுல என் நாத்தனார் வீடு சும்மா கெடக்கு. இதைவிட ஒரு ரூம் கூடுதல். சுரேந்திரா, நீ போன் போடு."

"எனக்குக் கொழப்பமில்ல" என்றார் சுரேந்திரன், முகம் முழுக்க வெளிச்சமாகி. "ரெண்டு வீட்டுக்கும் கமிஷன் உண்டல்லே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது வீடும் இப்படித்தானா? இவர் வாய் திறக்காமலே, இம்முறை என் இஷ்டம்கூட இல்லாமல், ஒரு விபத்தாகவா? ஒரு நிமிடம் என்று சொல்லி அவர் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மேலிருந்து சாரல் எங்கள் இருவர் மேலும் விழுந்தது.

"பாலைப் பார்த்துக்கச் சொன்னேன்ல?"

"பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அடுப்பை அணைக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். கை திருகு மேலதான் இருந்துச்சு." தன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டார். "பால் மேல வந்துச்சு, வாசுகி. விளிம்பு வரைக்கும் வந்துச்சு. அணைக்க மனசு வரல."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"பால் பொங்கினா என்ன அர்த்தம்னு தெரியும்தானே உங்களுக்கு?"

"பதினொரு வீட்டுல பாத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான்தானே லா."

"அப்போ வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? காலையில கேட்டேனே!"

"சொல்லிப் பழக்கமில்லையே" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனாலேயே என்னைச் சுட்டது. பிறகு, எதையோ ஒளித்துவைத்திருந்த பையன் மாதிரி, மெதுவாகச் சொன்னார்: "காலையில கீழ போனேன்ல. பெரிய தார்ப்பாய் ஒண்ணை மடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஒரு முனைக்கு ஆள் இல்ல. 'அண்ணாச்சி, இந்த முனையைப் பிடிங்க'ன்னான் ஒருத்தன். யாரு, எந்த ஊரு, எதுவும் கேக்கல. பிடிச்சேன். மடிச்சோம். அடுத்ததை எடுத்தான். அதையும் மடிச்சோம். ஏழு தார்ப்பாய் மடிச்சேன். ரிட்டயர் ஆனதுலேருந்து என்னை யாரும் 'பிடி'ன்னு சொல்லல. எனக்கு இந்த வீடு வேணும்."

நாலு மணி பத்து நிமிடம். துல்லியமாகத் தெரியும், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே மழை, கீழே அடுக்களையில் செண்பகமும் சுரேந்திரனும் நாத்தனார் வீட்டு வாடகையைப் பற்றிச் சண்டை. நான் படியில் உட்கார்ந்து அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால், சாரலில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மிச்சமிருந்த பாலில் டீ போட்டேன். நாலு பேருக்கு அரைக்கால் டம்ளர் வீதம் வந்தது. கருகிய வாசம் தூக்கலாக இருந்தது. "இந்த சாயா கொள்ளாமே, நல்லாயிருக்கு" என்று சுரேந்திரன் பொய் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது. எழுத்து எழுத்தாக, லாரி எஞ்சினுக்குத் திருகாணி முடுக்குவது போல அழுத்திப் போட்டார். ஜனவரியில் சாமான்களோடு வருவதாகப் பேச்சு. பிற்பகல் முழுக்க அவரைக் காணவில்லை, தேடவும் இல்லை. கடைக்குப் பின்னாலிருந்து அவருடைய சிரிப்பு மட்டும் நாலைந்து தடவை கேட்டது.

சனிக்கிழமை காலை பத்தரை. பகல் ரயிலில் திருச்சி, அங்கிருந்து விமானம். ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு, நானும் ஒப்பிட்டேன். தைப்பிங்கில் மழை ஏரிக்கரை மரங்களின் மேல் பெய்யும், மரியாதையாக, தள்ளி நின்று. இங்கே மழை ஆட்களின் வேலைக்குள் புகுந்து பெய்கிறது, ஓடிவந்து ஒரு கைபிடிக்கச் சொல்கிறது. அங்கே நான் அதைப் பார்த்து எழுதினேன். இங்கே எழுத நேரம் கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று முதல் முறையாகத் தோன்றியது.

ஆட்டோ வந்து நின்றது. செண்பகம் காதுப் பேனாவோடு வாசலுக்கு வந்தார். "பசியாறிட்டோம், ஒண்ணும் வேணாம்" என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். "பசியாறிட்டோமாமே! எவ்வளவு அழகான பேச்சு, கேட்டியளா!" என்று கணக்கரிடம் சொல்லிச் சிரித்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் ஒரு காலை ஆட்டோவில் வைத்தார், எடுத்தார், திரும்பவும் கடை வாசலுக்கே போனார். எதையாவது மறந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தேன். செண்பகத்திடம், சற்றுக் கூச்சத்தோடு, ஆனால் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"தங்கச்சி, தபால்காரர் வந்தா எங்க பேரைச் சொல்லி வைங்க. இனிமே இவளுக்கு வர்ற கடிதமெல்லாம் இங்கதான் வரும்னு."